சனிக்கிழமைக் கேள்வி

டயாலிசிஸ் வேண்டாமென்று தவசிமுத்து அண்ணாச்சி இரண்டு சனிக்கிழமை சொல்லியாகிவிட்டது. மூன்றாவது சனிக்கிழமையும் அதையே சொன்னால் மெஷினை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் பத்து நாள், மிஞ்சிப்போனால் பன்னிரண்டு.

2041-ல் சட்டம் அப்படி இருந்தது. சிகிச்சை வேண்டாமென்று சொல்ல நோயாளிக்கு உரிமை உண்டு. ஆனால் ஏதோ ஒருநாள் கோபத்தில் சொல்லிவிட்டுச் செத்துப்போகக் கூடாதே என்பதற்காக, அரசாங்கம் அனுப்பும் விருப்ப அலுவலர் வாரத்துக்கு ஒருமுறையாக மூன்று வாரம் நேரில் வந்து ஒரே கேள்வியைக் கேட்பார். மூன்று முறையும் ஒரே பதில் வந்தால் அதுதான் அந்த மனிதரின் மனசு என்று எழுதிக்கொள்வார்கள். அலுவலர் கோமதிநாயகம் மற்ற நாட்களில் நெல்லை, தென்காசி என்று அலைந்துவிட்டுத் தூத்துக்குடிக்கு வருவது சனிக்கிழமைதான். சட்டம் எழுதியவர்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள், கிழமையைத் தவிர.

பெனிட்டா அந்த டயாலிசிஸ் சென்டரின் டெக்னீஷியன். காலை ஷிப்டில் பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டு மெஷின், பன்னிரண்டு பேருடைய கோபதாபம் எல்லாம் அவள் பொறுப்பு. பதினோரு வருஷத்தில் தான் ஊசி குத்தி ஒருவர்கூட ‘ஆ’ என்றதில்லை என்பதில் அவளுக்கு ஒரு பெருமை. அதில் பொய்யில்லை என்று அந்த வார்டே சாட்சி சொல்லும்.

தவசிமுத்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஆனால் ஊருக்கு அவரைத் தெரிந்தது கபடி மைக்கில். சுற்றுவட்டாரத்தில் எங்கே போட்டி நடந்தாலும் வர்ணனை அவர்தான். நடுவில் கரண்ட் போனால்கூடக் கடைசி வரிசைக்காரன் கவலைப்படமாட்டான், அப்படியொரு தொண்டை. ஐம்பத்து மூன்று வயதில் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு நான்கு மணி நேரம், ரத்தத்தை மெஷினுக்குக் கொடுத்துச் சுத்தமாக்கித் திரும்ப வாங்க ஆரம்பித்தார். முதல் வருஷம் பேச்சு குறைந்தது. இரண்டாம் வருஷம் நின்றேபோனது. வீட்டிலும் சுவரைப் பார்த்துப் படுத்தார், சென்டரிலும் சுவரைப் பார்த்துப் படுத்தார். “கட்டுனவ ஒழுங்காக் கவனிச்சா எந்தம்பி இப்படி ஆவானா?” என்று அவருடைய அக்கா போகிற கல்யாண வீட்டிலெல்லாம் சொல்லி வைத்தாள். கட்டினவளான பாக்கியக்கனி அதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, பதில் பேசாமல், சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று நாளும் கூடவே வந்தாள்.

அந்தப் பாத்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். டயாலிசிஸ்காரர்களுக்குப் பழம், தக்காளி, தேங்காய், முந்திரி எல்லாம் விலக்கு. ஆனால் மெஷினில் ஏறிய முதல் மணி நேரத்தில் கொஞ்சம்போலத் தின்றால் மெஷினே அதை எடுத்து வெளியே போட்டுவிடும் என்று அவர்களுக்குள் ஒரு நம்பிக்கை. டாக்டர்களுக்கும் இது தெரியும். அந்த மணி நேரத்தில் டாக்டர்கள் தற்செயலாக வேறெங்கோ இருப்பார்கள். பன்னிரண்டு பாத்திரமும் திறக்கும். தக்காளிச் சட்னி இந்தக் கட்டிலிலிருந்து அந்தக் கட்டிலுக்குப் போகும், முந்திரி போட்ட மக்ரூன் அங்கிருந்து இங்கே வரும். தவசிமுத்துவின் பாத்திரம் மட்டும் ஒரு வருஷமாகத் திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் புது ஃபில்டர் வந்தது. டாக்டர் ஹமீதா வார்டின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லோருக்கும் விளக்கினாள்.

“காய்ச்சல் வந்த நாயைப் பார்த்திருக்கீங்களா? மூலையில போய்ச் சுருண்டுக்கும். சாப்பிடாது. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாது. அதுக்கு வாழ்க்கை வெறுத்துப்போச்சுன்னா சொல்றோம்? உடம்புக்குள்ள எங்கயோ அழற்சி. அந்த நேரத்துல உடம்பு ரத்தத்துல ஒரு சரக்கை விடுது. அது மூளைக்குப் போய் ‘படு, யார் மூஞ்சியிலயும் முழிக்காத’ன்னு சொல்லுது. காய்ச்சல் விட்டா அதுவும் நின்னுடும். உங்களுக்கு நிக்கிறதில்ல. கிட்னி அதை வெளிய தள்ளாது, நம்ம பழைய ஃபில்டர்லயும் அது சரியாச் சிக்காது. வருஷக்கணக்கா ‘படு, படு’ன்னு சொல்லிக்கிட்டே இருக்கு.”

“இந்தப் புதுசுல சிக்குமா?” என்றார் ஐந்தாம் கட்டில்காரர்.

“ஒட்டிக்கும்.”

“அப்ப எங்க சோகத்த வடிச்சிருவிய.”

“இந்தச் சரக்கால வர்ற சோகத்தை மட்டும். உங்க சம்பந்தி பண்ற அழிச்சாட்டியத்துக்கு இதுல ஒண்ணும் கிடையாது,” என்றாள் டாக்டர். வார்டு சிரித்தது. தவசிமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது சோதனை ஓட்டம். பன்னிரண்டு பேரில் சிலருக்குப் புது ஃபில்டர், சிலருக்கு அதே மாதிரி தோற்றமுள்ள சாதாரண ஃபில்டர். யாருக்கு எது என்பது டாக்டருக்கும் தெரியாது, பெனிட்டாவுக்கும் தெரியாது. தினமும் சாயங்காலம் போனில் ஐந்து கேள்வி வரும், பசித்ததா, யாரோடாவது பேசத் தோன்றியதா என்கிற மாதிரி. அதற்குப் பதில் அழுத்த வேண்டும். ஒரு ஃபில்டரை ஒருமுறைதான் போட வேண்டும், பிறகு எறிந்துவிட வேண்டும்.

நான்காவது தடவை மெஷினில் ஏறியபோது தவசிமுத்து பாத்திரத்தைத் திறந்து ஒரு மக்ரூனை எடுத்துக் கடித்துவிட்டு, “முந்திரி கொறச்சலா இருக்கே,” என்றார். கனி பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அடுத்த வாரம் பெனிட்டா ஊசியோடு கிட்டே வந்தபோது வார்டே அதிரும்படி ஒரு குரல் கிளம்பியது. “பெனிட்டா உள்ளே நுழைகிறார்! வலது கையில் பதினாறாம் நம்பர் ஊசி! எதிரணி நரம்பு நழுவப் பார்க்கிறது... விடவில்லை... பிடித்தேவிட்டார்!” பதினொரு கட்டிலிலும் கைதட்டல். இதற்காகத்தானே இந்த வேலைக்கு வந்தோம் என்று அன்றைக்குப் பெனிட்டா நினைத்தாள்.

இந்த வெளிச்சம் இரண்டே வாரம். அதற்கடுத்த வாரம் பேய்மழை பெய்து ஸ்டோர் ரூமுக்குள் தண்ணீர் புகுந்தது. ஃபில்டர் பெட்டி நான்கு நனைந்து பாழாயின. அடுத்த சரக்கு வர ஒரு மாதமாகும். கையிருப்பு குறைந்தால் சோதனையிலிருந்து சென்டரை நீக்கிவிடுவார்கள் என்று ஒப்பந்தத்தில் இருந்தது.

பெனிட்டா தொழில் படித்தது கழுவும் அறையில். சாதாரண ஃபில்டரை அங்கே யாரும் ஒருமுறை போட்டு எறிவதில்லை. நோயாளியின் பெயரை ஒட்டி, கழுவி, புளித்த காடி வாடை அடிக்கும் மருந்தை நிரப்பி அலமாரியில் வைத்து, பத்துத் தடவைவரை அவருக்கே போடுவார்கள். ஊர் உலகத்தில் எல்லா சென்டரிலும் நடப்பதுதான். இந்த உசத்தியான ஃபில்டரை ஒரே தடவையில் குப்பையில் போடும்போதெல்லாம் அவளுக்குக் கை கூசியது. ஆகவே அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். செவ்வாய்க்கிழமை புதுசு, அதையே கழுவி வியாழனும் சனியும். நனைந்த ஃபில்டர்கள் உபயோகப்படாது, ஆனால் அவற்றில் ஒட்டியிருந்த பார்கோடு உபயோகப்படும். அதைக் காட்டினால் புதுசு போட்டதாகக் கம்ப்யூட்டர் எழுதிக்கொண்டது. அவளுக்குத் தெரிந்த எல்லாப் பரிசோதனையிலும் கழுவிய ஃபில்டர் தேறியது. யூரியாவை எடுத்தது, தண்ணீரை எடுத்தது. வேறென்ன வேண்டும்? யாரையும் ஏமாற்றுவதாக அவள் நினைக்கவில்லை. பன்னிரண்டு பேரைக் காப்பாற்றுவதாகவே நினைத்தாள்.

அந்த வாரச் சனிக்கிழமை தவசிமுத்து தானே வாய் திறந்து, “நிறுத்துததுக்கு ஒரு ஃபாரம் உண்டாமே, அதக் குடுங்க,” என்று கேட்டார். கொஞ்சம் வெளிச்சம் பார்த்துவிட்டுத் திரும்ப இருட்டில் விழுந்தவருக்கு அந்த இருட்டு முன்னைவிட மோசமாக இருந்திருக்கிறது. பிறகு கோமதிநாயகம் வந்தார், கேட்டார். அடுத்த வாரமும் வந்தார், கேட்டார்.

மூன்றாவது சனிக்கு முந்திய வியாழக்கிழமை. முதல் மணி நேரம் முடிந்து பெனிட்டா வெளி வராந்தாவுக்கு வந்தபோது கனி பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதி காலியாக இருந்தது.

“சாப்ட்டிருக்காவளே மதினி,” என்றாள் பெனிட்டா.

“வியாழக்கெழம பாதி சாப்பிடுவாவ. செவ்வாயும் சனியும் தொடவே மாட்டாவ. நீ அவியள புதன்கெழம பாத்ததில்லையே. புதன்கெழம பழைய ஆளு. நேத்து வாசல்ல நின்னு மீன்காரம்மாவ வம்புக்கிழுக்காவ, அவ கூடைய எறக்கி வச்சிட்டுச் சிரிக்கா. நாளைக்குப் பாரு, வெள்ளிக்கெழம விடிஞ்சா சுவரப் பாத்துத் திரும்பிருவாவ.” கனி குரலைத் தாழ்த்தினாள். “வியாழக்கெழம நான் என்னத்தயோ தப்பாச் செய்யுதேன் பெனிட்டா. என்ன சமைச்சோம், என்ன பேசினோம்னு மண்டையப் போட்டு ஒடைக்கேன். போன வியாழக்கெழம வீட்ல ஒத்த வார்த்த பேசாம இருந்து பாத்தேன். அப்பவும் அப்படித்தான். அவிய அக்கா சொல்லுதது நெசந்தானோன்னு இருக்கு.”

“எத்தன நாளா மதினி இப்படி?”

“அந்தப் பெரிய மழ பெஞ்சதுல்லா, அந்த வாரத்திலேர்ந்து.”

பெனிட்டா விரல் விட்டு எண்ணிப்பார்த்தாள். செவ்வாய்க்கிழமை புது ஃபில்டர், புதன்கிழமை மனுஷர். வியாழக்கிழமை கழுவிய ஃபில்டர், வெள்ளிக்கிழமை சுவர். கழுவும் மருந்து எதை அழித்ததோ, அல்லது முதல் தடவையிலேயே ஃபில்டரின் பசி அடங்கிவிட்டதோ, அது அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம், சட்டம் இந்த மனிதரிடம் கேள்வி கேட்ட நாளெல்லாம், தான் கழுவிய ஃபில்டரை மாட்டிய நாள் என்பதுதான். கனி இங்கே உட்கார்ந்து தன் சமையலைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது அதைவிட வலித்தது.

மத்தியானம் டாக்டர் ஹமீதாவின் அறைக்குப் போய் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவள் முடித்ததும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

“இது எவ்வளவு பெரிய தப்புன்னு தெரியுமா?”

“தெரியும் மேடம்.”

“தெரியாது. இங்க பாருங்க.” டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பினாள். “கம்பெனிக்காரங்க வாரத்துக்கு ஒரு சராசரி மட்டும்தான் பார்ப்பாங்க. அதுல பன்னிரண்டு பேரும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் தெரியறாங்க. இப்ப நாள் வாரியாப் போடறேன்.”

திரையில் பன்னிரண்டு கோடுகள் வந்தன. ஐந்து கோடுகள் தரையோடு தரையாகக் கிடந்தன. ஏழு கோடுகள் மழை வாரத்திலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் எழும்பி, வெள்ளிக்கிழமை விழுந்தன. ஏழும் ஒன்றுபோல.

“இந்த ஏழு பேருக்குத்தான் நிஜ ஃபில்டர்,” என்றாள் டாக்டர் மெதுவாக. “இப்படி ஒரு பரிசோதனைக்கு எந்தக் கமிட்டியும் அனுமதி கொடுக்காது, கொடுக்கவும் கூடாது. குணமாக்கி, பிடுங்கி, திரும்பக் குணமாக்கி... யாருக்கும் தெரியாம நீங்க பண்ணிட்டீங்க. இது வேலை செய்யுதுங்கறதுக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ஆனா நாளைக் காலையில இடைக்காலக் கணக்கை முடிக்கிறாங்க. மத்த சென்டர்லயெல்லாம் ஆளு கொஞ்சம், நம்ம கணக்கு மொத்தச் சராசரியையும் கீழ இழுத்துடும். அதைப் பார்த்துட்டு ‘பிரயோஜனமில்ல’ன்னு சொல்லிச் சோதனை நடக்கிற பதினெட்டு சென்டர்லயும் மூட்டை கட்டிடுவாங்க. அப்புறம் இந்த ஃபில்டரை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டாங்க.”

“அதுக்கு முன்னாடி நாம சொல்லிரணும்.”

“சொன்னா சாயங்காலத்துக்குள்ள அலமாரியைப் பூட்டிடுவாங்க. விசாரணை முடிய ஆறு மாசம் ஆகலாம். சனிக்கிழமை அவருக்குப் பழைய ஃபில்டர்தான். புரியுதா?”

பெனிட்டாவுக்குப் புரிந்தது. அலமாரியில் இன்னும் ஐந்தாறு புது ஃபில்டர் இருந்தது. நாளைக்கு எப்படியாவது அவரை வரவழைத்து ஒன்றைப் போட்டுவிட்டால் சனிக்கிழமை அவர் சிரித்துக்கொண்டே வருவார், அலுவலரை விரட்டிவிடுவார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

“அவர் இருக்கிற நிலமையில முடிவெடுக்கக் கூடாதுன்னு நீங்க எழுதிக் குடுக்க முடியாதா மேடம்?”

“சோகமா இருக்கார்னு சொல்லி நான் தடுக்க முடியாது. அந்தக் காரணத்தைச் சொல்லித்தானே டாக்டருங்க அந்தக் காலத்துல எல்லாரையும் தடுத்தாங்க. அதுக்காகத்தான் இந்தச் சட்டமே வந்தது.”

பெனிட்டா அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஏழு பேருக்குப் பின்னால் நாடு பூராவும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவர்கள் எத்தனை பேர்? அவர்கள் வீட்டில் எத்தனை கனி? அதே சமயம் தவசிமுத்து அண்ணாச்சியின் கையில் ஊசி குத்துவது அவள்தான், வேறு யாருமில்லை.

“கம்பெனிக்குப் போன் பண்ணுங்க மேடம்,” என்றாள். “அண்ணாச்சிகிட்ட நானே போய்ச் சொல்லுதேன்.”

வெள்ளிக்கிழமை காலை அவள் அவர் வீட்டுக்குப் போனபோது தவசிமுத்து கனி சொன்னபடியே திரும்பிப் படுத்திருந்தார். பெனிட்டா அவர் முதுகைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் சொன்னாள். மழை, பெட்டி, கழுவியது, ஏழு கோடுகள், நேற்றுப் பூட்டிய அலமாரி. “தப்பு என்னுது அண்ணாச்சி. உங்களுக்குச் சாவணும்னு தோணுததுல பாதி, நான் எடுக்காம விட்ட அழுக்கு.” முதுகு அசையவில்லை. கேட்டாரா இல்லையா என்பதே தெரியவில்லை.

கனி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று பெனிட்டா எதிர்பார்த்தாள்.

“அப்ப என் சமையல் இல்லையா?” என்றாள் கனி.

“இல்ல மதினி. சமையலும் இல்ல, பேச்சும் இல்ல. ரெண்டு வருசமாவே நீங்க இல்ல.”

கனி போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தி நீட்டினாள். “இத அவிய அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லிரு.” பெனிட்டா சொன்னாள். மறுமுனையில் அந்த அம்மாள் வாயடைத்துப்போனது சரித்திரத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

சனிக்கிழமை. பெனிட்டாவுக்கு அதுவே கடைசி ஷிப்ட். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாமென்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். அவள் தவசிமுத்துவுக்கு ஊசி குத்தினாள். வர்ணனை இல்லை. ‘ஆ’வும் இல்லை. சாதாரண ஃபில்டரை மாட்டி மெஷினை ஓடவிட்டாள். பாத்திரம் திறக்கப்படவில்லை. அன்றைக்கு வார்டில் வேறு எந்தப் பாத்திரமும் திறக்கப்படவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துக் கோமதிநாயகம் வந்தார். சாதுவான மனிதர், செருப்பைக்கூட வாசலில் கழற்றிவிட்டு வருவார். டாக்டர் ஹமீதா அவரைத் தனியே அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொல்லி, ஒரு கடிதமாக எழுதியும் கொடுத்தாள். அவர் வருத்தத்தோடு தலையசைத்துக் கேட்டார். “உங்க கடுதாசியச் சேத்து வச்சிருதேன் மேடம். ஆனா கேக்க வேண்டியது அவர்ட்டதான்,” என்றார். கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தவசிமுத்து ஐயா, மூணாவது தடவையாக் கேக்கேன். இந்தச் சிகிச்சைய நிறுத்தணும்னு விரும்புதீங்களா?”

“இப்பக் கேட்டா?” என்றார் தவசிமுத்து, சுவரைப் பார்த்தபடி.

“இப்பத்தான் கேக்கேன்.”

“ஆமா. சாவணும்போலத்தான் இருக்கு.”

கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெனிட்டா மெஷினில் ஓடும் எண்களைப் பார்த்தாள். ஓர் எண்ணும் மண்டையில் ஏறவில்லை. கோமதிநாயகம் தன் கணினிப் பலகையை எடுத்து விரலை நீட்டினார்.

“பொறுங்க சார், முடிக்கல.” தவசிமுத்து தலையை மட்டும் திருப்பினார். ஒவ்வொரு சொல்லையும் கல்லைத் தூக்கி வைப்பதுபோல வைத்துப் பேசினார். “புதன்கெழம ஒருத்தன் இருந்தான். மூணு நாலு புதன். அதுவும் நாந்தான். அவனுக்குச் சாவ இஷ்டமில்ல. நீங்க அவன்ட்ட ஒரு தடவகூடக் கேக்கல.”

“அப்ப புதன்கிழம வந்து கேக்கட்டுமா ஐயா?”

“வந்து பிரயோசனம் இல்ல. ஃபில்டரப் பூட்டிட்டாவளாம். வார புதனும் நான் இப்படித்தான் கெடப்பேன். அதுக்கு அடுத்த புதனும்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “அவன் எப்ப வருவான்னு தெரியாது. வந்து, ‘நான் இல்லாத நேரத்துல எனக்குப் பதிலா நீ எப்படிலே கையெழுத்துப் போட்ட’ன்னு கேட்டா, நான் என்ன சொல்ல?”

கோமதிநாயகம் பலகையை அவர் பக்கம் திருப்பினார். “இதுல ரெண்டு கட்டந்தான் இருக்கு. நிறுத்தணும், நிறுத்த வேண்டாம்.”

“நிறுத்த வேண்டாம்னு போடுங்க.”

அலுவலர் விரலால் ஒரு கட்டத்தைத் தொட்டார். பலகையை அவரிடம் காட்டிச் சரிதானா என்று கேட்டார். தவசிமுத்து பார்த்துத் தலையாட்டினார். பிறகு பழையபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முகத்தில் தெளிவும் இல்லை, சந்தோஷமும் இல்லை. வெள்ளிக்கிழமை இருந்த அதே முகம்தான்.

பெனிட்டா போர்வையை அவர் தோள்வரை இழுத்துவிட்டாள்.

“அண்ணாச்சி, இன்னும் மூணு மணி நேரம் கெடக்கு,” என்றாள்.

“ஓடட்டும்,” என்றார் தவசிமுத்து.